40 சிஸ்டம், ஒரே வெர்ஷன்: எல்லையோர லேப்களில் அப்டேட் வேலை

பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு போகும் சாலையில் கோபாலபுரம் தாண்டினால் வண்ணாமடை, அப்புறம் கொழிஞ்சாம்பாறை. எல்லைக்கு இரண்டு பக்கமும் தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கிறார்கள். கம்ப்யூட்டர் லேப் மட்டும் இரண்டு மாதிரி. இந்தப் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் பெரும்பாலும் விண்டோஸ். அந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் லினக்ஸ்; அது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. இரண்டிலும் ஓடக்கூடிய லேப் நிர்வாக மென்பொருள் வேயான். ஆசிரியர் இருந்த இடத்திலிருந்தே எல்லாத் திரையையும் பார்க்கலாம், பூட்டலாம், தன் திரையை எல்லாருக்கும் காட்டலாம், மாலையில் மொத்த லேப்பையும் ஒரே தட்டில் அணைக்கலாம். இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

இதை ஒரு சிஸ்டத்தில் அப்டேட் செய்ய இரண்டு மூன்று நிமிடம் போதும். 40 சிஸ்டத்தில் செய்யும்போதுதான் வேலை தன் சுபாவத்தைக் காட்டும். 31-ல் புதுசு ஏறி, 9-ல் பழசே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை முதல் பீரியடில் போன் வரும்: "சார், ஒன்பது சிஸ்டம் தெரியவே இல்ல. நேத்து நீங்க ஏதோ பண்ணீங்களாமே?" அந்த ஒன்பதும் ஒரே காரணத்தால் விட்டுப்போயிருக்காது. ஒன்று அன்றைக்கு அணைந்து கிடந்திருக்கும், ஒன்றில் தேதி தப்பாக இருக்கும், ஒன்றில் ஆன்டிவைரஸ் தடுத்திருக்கும். எது எதனால் என்று எழுதி வைக்காவிட்டால் 40-ஐயும் மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். பாதி ஏறிய லேப், முழுக்கப் பழசாக இருக்கும் லேப்பை விட மோசம். பழசு எப்படி நடந்துகொள்ளும் என்று ஆசிரியருக்காவது தெரியும்.

அதனால் முதல் வேலை எண்ணிக்கை. டவுன்லோடு அதற்கப்புறம்தான்.

ஒரு வெள்ளைத்தாளில் லேப்பின் வரிசையை அப்படியே வரையுங்கள். கதவு எந்தப் பக்கம், கரும்பலகை எந்தப் பக்கம் என்பது உட்பட. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு விவரம்: சிஸ்டத்தின் பெயர், ஐபி முகவரி, விண்டோஸ் என்றால் 32 பிட்டா 64 பிட்டா, இப்போது உள்ள வேயான் வெர்ஷன். அதே எண்ணை மானிட்டர் மேல் ஒட்டக்கூடாது, கேபினட் மேல் ஒட்ட வேண்டும். மானிட்டர் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கேரளப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற ஐடி மன்ற மாணவர்கள் இந்தக் கணக்கெடுப்பை ஒரு பீரியடில் முடித்துத் தருவார்கள். பெரியவர்கள் எடுப்பதை விடச் சுத்தமாகவும் இருக்கும்.

இந்தத் தாளில்தான் பல கோளாறு வெளியே வரும். ஒரே இமேஜில் (ஒரு சிஸ்டத்தின் முழு நகல்) இருந்து குளோன் செய்த லேப்பில் இரண்டு சிஸ்டத்துக்கு ஒரே பெயர் இருக்கும். வேயானில் சிஸ்டங்களை ஐபி முகவரி கொண்டு சேர்த்திருந்தால், ரவுட்டர் ஒரு முறை அணைந்து எழுந்ததும் முகவரி மாறி, 12-ஆம் சிஸ்டத்தைப் பூட்டினால் 19 பூட்டிக்கொள்ளும். ரவுட்டரில் ஒவ்வொரு சிஸ்டத்தின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் மாறாத எண்) நிரந்தர ஐபி ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும். அப்டேட்டுக்கு முந்தைய வாரமே இதை முடித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால், எது கெட்டது எதனால் என்று பிரிக்க முடியாது.

சாவியும் செட்டிங்கும்

வேயானில் ஆசிரியரை அடையாளம் காண இரண்டு வழி உண்டு: யூசர் நேம், பாஸ்வேர்டு ஒரு வழி, சாவி ஃபைல் இன்னொன்று. பள்ளிகளில் பெரும்பாலும் சாவி ஃபைல்தான். சாவி ஜோடியாக வரும். பொதுச்சாவி எல்லா மாணவர் சிஸ்டத்திலும் இருக்க வேண்டும். தனிச்சாவி ஆசிரியர் சிஸ்டத்தில் மட்டும். விண்டோஸில் இவை சி டிரைவில் மறைந்திருக்கும் புரோகிராம் டேட்டா போல்டருக்குள், வேயான், கீஸ் என்ற போல்டர்களில் இருக்கும். லினக்ஸில் இடிசி போல்டருக்குள் வேயான், கீஸ்.

அப்டேட்டைத் தொடும் முன் ஆசிரியர் சிஸ்டத்தில் மூன்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். வேயானின் செட்டிங் புரோகிராமான கான்ஃபிகரேட்டரின் ஃபைல் மெனுவில் இருந்து சேமித்த செட்டிங் ஃபைல், சாவி ஜோடி, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய வெர்ஷனின் இன்ஸ்டாலர். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். புது வெர்ஷன் ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப்போக அது ஒன்றுதான் வழி. செட்டிங் ஃபைலையும் அப்டேட்டுக்கு முன்பே எடுக்க வேண்டும். புது வெர்ஷன் ஒருமுறை தன் பாணிக்கு மாற்றி எழுதியபின் எடுத்த ஃபைலைப் பழைய வெர்ஷனில் ஏற்றினால் சரியாக வரும் என்று நம்ப முடியாது.

பென் டிரைவ் கையில் இருக்கும்போதே மாணவர் சிஸ்டங்களில் தனிச்சாவி போல்டரைத் திறந்து பாருங்கள். காலியாக இருக்க வேண்டும். ஆசிரியர் சிஸ்டத்தையே இமேஜ் எடுத்து எல்லாவற்றிலும் இறக்கிய லேப்களில் தனிச்சாவியும் கூடவே இறங்கியிருக்கும். அந்த லேப்பில் எந்தப் பிள்ளையும் ஆசிரியருக்கான புரோகிராமான மாஸ்டரைத் திறந்து பக்கத்துப் பிள்ளையின் திரையைப் பார்க்கலாம், பூட்டலாம், ஆசிரியர் திரையைக்கூடக் கவனிக்கலாம். அப்படிக் கண்டால் அழித்தால் மட்டும் போதாது. யார் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. புது ஜோடி உருவாக்கி, புதுப் பொதுச்சாவியை எல்லாச் சிஸ்டத்திலும் ஏற்றி, பழையதை எல்லா இடத்திலும் நீக்குங்கள். ஆசிரியர் சிஸ்டத்திலும் தனிச்சாவியை ஆசிரியர் குழு மட்டும் படிக்கும்படி கான்ஃபிகரேட்டரில் அனுமதி கொடுங்கள். அப்டேட்டோடு சேர்த்துச் செய்யத்தக்க ஒரே கூடுதல் வேலை இதுதான். எப்படியும் எல்லாச் சிஸ்டத்தையும் தொடப் போகிறோம்.

விண்டோஸ் பக்கம்

ஒவ்வொரு வகைக்கும் ஒரு சிஸ்டத்தில் முதலில் ஏற்றுங்கள். பழைய 32 பிட் ஒன்று, விண்டோஸ் 10 ஒன்று, ஆசிரியர் அறையில் உள்ள லேப்டாப் ஒன்று. இரண்டு நாள் வகுப்பு நடக்கட்டும். திரை பார்ப்பது, பூட்டுவது, ஆசிரியர் திரையைக் காட்டுவது, அணைப்பது என்று நான்கையும் சோதிக்க வேண்டும். திரை தெரிகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு மேலே போனவர்கள், ஆசிரியர் திரையைக் காட்டும்போது மாட்டிக்கொள்வார்கள். மாணவர் சிஸ்டத்தோடு மாஸ்டர் பேசுவது 11100 போர்ட்டில். திரையைக் காட்டும் டெமோ சர்வர் ஆசிரியர் சிஸ்டத்தில் 11400-ல் காத்திருக்கும். முதலாவது திறந்து, இரண்டாவது ஃபயர்வாலில் அடைபட்டிருந்தால் மற்றதெல்லாம் வேலை செய்யும், காட்டுவது மட்டும் செய்யாது. பழுது மாணவர் சிஸ்டத்தில் என்று நினைத்து ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். அது ஆசிரியர் சிஸ்டத்தில் இருக்கும்.

இன்ஸ்டாலரை ஒவ்வொரு சிஸ்டத்திலும் இன்டர்நெட்டில் இருந்து இறக்கக்கூடாது. ஒரு முறை இறக்கி, ஆசிரியர் சிஸ்டத்தில் ஷேர் போல்டரில் வையுங்கள். ஃபைல் 30 எம்பி என்று வைத்தால் 40 சிஸ்டத்துக்கு 1200 எம்பி. 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சில் நொடிக்கு 11 எம்பி அளவுக்குப் போகும். மொத்தமே இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும். ஆனால் 40-ஐயும் ஒரே நேரத்தில் இழுக்க விடாதீர்கள். விண்டோஸ் 10, 11 போன்ற சாதாரண விண்டோஸில் ஷேர் போல்டருக்கு ஒரே நேரத்தில் 20 இணைப்புதான். 21-ஆவது சிஸ்டத்தில் இதற்கு மேல் இணைக்க முடியாது என்று செய்தி வரும். கேபிள் போய்விட்டதோ என்று கிரிம்பிங் டூலை எடுத்துவிடுவார்கள். பத்துப் பத்தாக எடுங்கள், அது போதும்.

கேள்வி கேட்காமல் நிறுவ இன்ஸ்டாலருக்குச் சில சுவிட்ச் (கட்டளையோடு சேர்த்துத் தட்டும் சொல்) உண்டு. சாய்கோட்டுக்குப் பின் ஆங்கிலப் பெரிய எழுத்து எஸ். சின்ன எழுத்து போட்டால் ஏற்காது, வழக்கமான விண்டோ திறந்து நெக்ஸ்ட் கேட்டு நிற்கும். மாணவர் சிஸ்டத்தில் மாஸ்டர் தேவையில்லை என்று சொல்ல நோமாஸ்டர் என்ற சுவிட்ச். இதைக் கட்டாயம் போடுங்கள். செட்டிங்கைச் சேர்த்தே ஏற்ற அப்ளைகான்ஃபிக். இதற்கு ஃபைலின் முழுப் பாதையையும் டிரைவ் எழுத்தில் இருந்து கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால், இன்ஸ்டால் முடிந்தது போலவே இருக்கும், செட்டிங் ஏறியிருக்காது.

இவற்றை ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி, ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிடுங்கள். எல்லாச் சிஸ்டமும் ஒரே சர்வரின் கீழ் வரும் டொமைன் உள்ள கல்லூரி என்றால் குரூப் பாலிசியில் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டாகப் போடலாம். பள்ளி லேப்கள் பெரும்பாலும் வொர்க்குரூப், ஒவ்வொரு சிஸ்டமும் தனித்தனி. அங்கே உட்கார்ந்த இடத்தில் இருந்து எல்லாவற்றிலும் ஏற்ற முயன்றால் ஆக்சஸ் டினைடு வரும். சாதாரண அட்மின் கணக்குக்கு நெட்வொர்க் வழியாக முழு அதிகாரத்தை விண்டோஸ் தருவதில்லை. ரெஜிஸ்ட்ரியில் அதைத் தளர்த்த வழி உண்டு. ஆனால் அதையும் 40 சிஸ்டத்தில் போய்த்தான் செய்ய வேண்டும், முடிந்ததும் திரும்ப மூடவும் வேண்டும். 40 சிஸ்டம் வரைக்கும் இரண்டு பேர், இரண்டு பென் டிரைவ், ஆளுக்கு ஒரு வரிசை என்று நடப்பதே வேகம். ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் ஒரு மணி நேரம்.

முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட் டவுன் வேண்டாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் என்பது அரைத் தூக்கம். மறுநாள் எழும்போது பழைய நிலையில் இருந்துதான் தொடரும். ரீஸ்டார்ட்தான் முழுதாக அணைத்து எழுப்பும்.

டீப் ஃப்ரீஸ் போட்ட லேப்கள் தனிக்கதை. எல்லாவற்றிலும் ஏற்றி, சோதித்து, தாளில் டிக் அடித்து, பூட்டிவிட்டுப் போனால் மறுநாள் காலையில் 40-லும் பழைய வெர்ஷன்! மென்பொருள் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது: ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவதுதான் அதன் பணி. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னக் கரடிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அதன் மேல் டபுள் கிளிக் செய்தால் பாஸ்வேர்டு கேட்கும். உறைவு நீங்கிய (தாட்) நிலையில் எழும்படி மாற்றி ரீஸ்டார்ட் செய்தபின் கரடி மேல் சிவப்புப் பெருக்கல் குறி வரும். அந்தக் குறியைக் கண்ணால் பார்த்த பிறகே இன்ஸ்டாலரைத் தொடுங்கள். வேலை முடிந்து, சோதித்து, மறுபடி உறைநிலைக்கு மாற்றி இன்னொரு ரீஸ்டார்ட். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள சிஸ்டம் ஒரு முறை எழுந்து நிதானத்துக்கு வரவே 3, 4 நிமிடம் ஆகும். ஒரு மணி நேர வேலை அரை நாளாகும் என்று பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாஸ்வேர்டு யாரிடம் என்பதையும் முந்தைய நாளே கேட்டு வையுங்கள். முன்பு இருந்த ஆசிரியரோடு அது போயிருக்கும்.

லினக்ஸ் பக்கம்

கேரளப் பள்ளி லேப்பில் எஸ்ஐடிசி (பள்ளி ஐடி ஒருங்கிணைப்பாளர்) ஆசிரியரின் சம்மதம் இல்லாமல் எதையும் ஏற்றாதீர்கள். எஸ்எஸ்எல்சி ஐடி செய்முறைத் தேர்வு அதே சிஸ்டங்களில் நடக்கும். தேர்வு மென்பொருள் ஏறிய பிறகு, தேர்வு முடியும் வரை லேப்பை யாரும் தொடக்கூடாது. ஓண விடுமுறையும் ஏப்ரல், மே விடுமுறையும்தான் நல்ல நேரம்.

இங்கே ரிமோட்டில் செய்வது எளிது. எல்லாச் சிஸ்டத்திலும் எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாகக் கட்டளை கொடுக்கும் வசதி) இருந்தால், பல சிஸ்டத்துக்கும் சேர்த்துக் கட்டளை அனுப்பும் அன்சிபிள் கொண்டு ஒரு கட்டளையில் ஏற்றலாம். அது இயல்பாக ஒரே நேரத்தில் 5 சிஸ்டத்தைத்தான் தொடும். பள்ளி லேப்புக்கு அந்த வேகமே சரி. எடுத்த எடுப்பில் வரும் தடை, மென்பொருளை நிறுவும் டிபிகேஜியின் லாக். சிஸ்டம் எழுந்த உடனே பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடத் தொடங்கி, லாக்கைப் பிடித்து வைத்திருக்கும். லாக் ஃபைலை அழிக்கும் பழக்கம் வேண்டாம். பாதி எழுதிய பேக்கேஜ் பட்டியல் கெட்டுப்போகும். சிஸ்டங்களை எழுப்பிவிட்டு 15 நிமிடம் டீ குடித்து வந்தால் தானே விடுபட்டிருக்கும். நடுவில் கரண்ட் போய் அறுந்திருந்தால், டிபிகேஜிக்குக் கான்ஃபிகர், எல்லாம் என்ற கட்டளை கொடுத்து முடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அப்டேட் சரியாக முடிந்தும் மாணவர் திரை தெரியவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, திரையை வரையும் அமைப்பான வேலேண்ட். புது உபுண்டு வெர்ஷன்கள் இயல்பாக வேலேண்டில் எழும். வேயானுக்கு மாணவர் திரையை எடுக்கப் பழைய அமைப்பான எக்ஸார்க் வேண்டும். லாகின் திரையில் கியர் படத்தைத் தொட்டு எக்ஸார்க் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு யூசருக்குச் சரியாகும் (உபுண்டு 25.10 முதல் இந்தத் தேர்வு இல்லை). நிரந்தரமாக வேண்டுமானால் ஜிடிஎம்3 போல்டரில் உள்ள கஸ்டம் கான்ஃப் ஃபைலில் வேலேண்ட் எனேபிள் ஃபால்ஸ் என்ற வரியின் முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வேயானுக்குப் பதில் எபாப்டீஸ் ஓடும் லேப்பில் வேறு கோளாறு: ஆசிரியர் சிஸ்டத்தை மறுபடி இன்ஸ்டால் செய்தால் சான்றிதழ் மாறிவிடும். எல்லா மாணவர் சிஸ்டத்திலும் எபாப்டீஸ் கிளையன்ட்டுக்கு மைனஸ் சி கொடுத்துப் புதுச் சான்றிதழை வாங்கும் வரை ஒருவரும் தெரியமாட்டார்கள்.

இன்னொன்று, இரண்டு பக்கத்துக்கும் பொது. நீண்ட விடுமுறை முடிந்து லேப்பைத் திறக்கும்போது நான்கைந்து சிஸ்டத்திலாவது தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்திருக்கும். தேதி தப்பினால் லினக்ஸில் மென்பொருளை இறக்கும் ஆப்ட், ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லி நின்றுவிடும். விண்டோஸில் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று மறுக்கும். டொமைன் உள்ள இடத்தில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே லாகின் மறுக்கப்படும். தேதியை மட்டும் திருத்திவிட்டு வந்தால் மறுநாள் அதே கதை. அப்டேட்டுக்குப் போகும்போது பையில் 10 பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் பாருங்கள்: புதுசு 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.7-க்குக் கீழே போனதை மாற்றிவிடுங்கள்.

நாள் பார்ப்பது

எல்லையின் ஒரு பக்கம் குடியிருந்து இன்னொரு பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். தமிழ்நாட்டுப் பக்கம் பராமரிப்புக்காகக் காலையில் இருந்து பிற்பகல் வரை மின்தடை செய்யும் நாளை முன்னரே அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு கொழிஞ்சாம்பாறைக்காரர் கண்ணில் படாது. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் பஸ் ஓடாது. அது பொள்ளாச்சிக்காரருக்கு இரவுதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கட்டும். முதல் இடி கேட்டதும் பள்ளி உதவியாளர் மெயினை அணைத்து ரவுட்டர் பிளக்கைப் பிடுங்குவார். அவர் செய்வது சரிதான். அதனால் அந்த மாதங்களில் காலை 9-க்குத் தொடங்கி 12-க்குள் முடிகிற அளவுக்கு மட்டும், ஒரு வரிசையோ இரண்டு வரிசையோ எடுங்கள். யூபிஎஸ் 10 நிமிடம் தாங்கும் என்றால், தடை வந்த உடனே ஓடிக்கொண்டிருப்பதை முடித்து நிறுத்தத்தான் அந்த நேரம். புது சிஸ்டத்தில் அப்போது தொடங்கக்கூடாது.

பெரிய கல்லூரிகளில் ஸாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் அங்கே வரிசை முக்கியம். முதலில் சர்வர், அதே நாளில் இடையில் தகவல் சேகரிக்கும் ப்ராக்ஸி, ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஓடும் ஏஜென்ட் கடைசி. பழைய ஏஜென்ட் புது சர்வரோடு பேசும். சர்வரை விடப் புதிய ஏஜென்ட்டுக்கு ஆதரவு இல்லை. சின்ன வேலையை முதலில் முடிக்கலாம் என்று ஏஜென்ட்டில் தொடங்குவது அதனால்தான் ஆபத்து. வேயானில் இந்த ஏற்பாட்டை நம்ப வேண்டாம், ஆசிரியர் சிஸ்டமும் மாணவர் சிஸ்டமும் ஒரே வெர்ஷனாக ஒரே நாளில் இருக்கட்டும்.

எல்லாம் ஏறிய பின் தாளோடு ஒரு சுற்று. இன்ஸ்டால் ஓடியதற்கு டிக் போடாதீர்கள். ரீஸ்டார்ட் ஆகி, மாணவர் கணக்கில் லாகின் செய்து, ஆசிரியர் திரையில் அந்தச் சிஸ்டம் தெரிந்து, பூட்டித் திறந்த பிறகு டிக். வெர்ஷன் எண்ணைக் கையால் எழுதுங்கள். தெரியாத சிஸ்டத்துக்கு ஆசிரியர் சிஸ்டத்தில் இருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பிங்கும் போகவில்லை, ஸ்விட்ச்சில் விளக்கும் எரியவில்லை என்றால் கேபிள். கிளிப் உடைந்த கனெக்டர் பெஞ்ச் நகரும்போது அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும், கண்ணுக்குச் செருகியது போலவே தெரியும். விரலால் அழுத்திப் பார்த்தால் டிக் என்ற சத்தம் வராது. பிங் போகிறது, வேயானில் தெரியவில்லை என்றால் சர்வீஸ் ஓடுகிறதா, ஃபயர்வால் வழி விட்டிருக்கிறதா, ஆன்டிவைரஸ் தூக்கி வைத்திருக்கிறதா என்று இந்த வரிசையில். இணைகிறது, ஆனால் அனுமதி மறுக்கிறது என்றால் பொதுச்சாவி. விண்டோஸ் போல்டருக்குள் உள்ள டெம்ப்பில் வேயான் என்று தொடங்கும் லாக் ஃபைல்கள் இருக்கும். மேலே சொன்ன எதிலும் அடங்காத கோளாறுக்கு அதைத் திறங்கள்.

கட்டம் காலியாக இருக்கும் சிஸ்டங்கள் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். ஒன்று ஆபீஸில் டிசி அடிக்கப் போயிருக்கும், ஒன்று எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போய்ச் சர்வீஸில் இருக்கும். அவற்றின் எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, தாளை லேப் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தேதி, வெர்ஷன், இன்ஸ்டாலர் எந்த போல்டரில் இருக்கிறது என்பதும் அதே தாளில். தனிச்சாவி உள்ள பென் டிரைவை ஹெட்மாஸ்டர் பீரோவில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வட்டமிட்ட சிஸ்டம் திரும்பி வரும் நாளில், மேசையில் வைத்து நெட்வொர்க் கேபிளைச் செருகும் முன்பே அதில் புது வெர்ஷன் ஏற வேண்டும் என்று லேப் பொறுப்பாளரிடம் சொல்லி, தாளின் அடியில் அதையும் எழுதிவிடுங்கள்.